அல்லிக்குளம் ஆண்டுக் கடைசியில் ஏன் பூப்பதில்லை: ஆயர் ஈத்தாம் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவில் வீட்டுக் குளங்களைப் பராமரிக்கும் எனக்கு வரும் புகார்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "இலை நல்லாத்தான் வருது, பூ மட்டும் காணோம்." போய்ப் பார்த்தால் உரம் போட்டே இருக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் கோய் மீன் வேரைக் கிளறிப் போட்டிருக்கும். மண்ணை மாற்றிவிட்டு வந்தால் அடுத்த மாதமே மொட்டு கண்ணில் படும். ஆயர் ஈத்தாமில் இருக்கும் இந்த வீட்டுக் குளம் அந்த வழிக்கு வரவில்லை. ஆண்டில் பாதி கொத்துக் கொத்தாகப் பூத்தது, மறுபாதி ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. அதே குளம், அதே மண், அதே செடி. ஆண்டு முழுக்க வெயிலடிக்கும் ஊரில் அல்லிக்கு ஓய்வுக் காலம் கிடையாது என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்போம். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். எல்லாரும் அவரை 'சார்' என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். என்னிடம் அவர் முதலில் கேட்டது குளத்தைப் பற்றியே இல்லை. "தம்பி, தைப்பூசத்துக்கு வீட்டு அல்லியைச் சாமிக்கு வைக்கணும். ஒவ்வொரு வருசமும் அந்த நேரம் பார்த்துதான் கைவிட்டுடுது. என்ன செய்யலாம்?"

வீடும் குளமும்

இரண்டு மாடி வரிசை வீடு, வரிசையின் கடைசியில் இருப்பது. முகப்பு மேற்கே, கொடிமலையைப் பார்த்து இருக்கிறது. வரிசைக் கடைசி வீடுகளுக்குப் பக்கவாட்டில் கூடுதலாக ஒரு துண்டு நிலம் கிடைக்குமே, அது இங்கே வடக்குப் பக்கம். அதில்தான் சார் குளம் கட்டியிருக்கிறார். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். நிரம்பினால் 3,600 லிட்டர் பிடிக்கும். வீட்டுச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, சுவருக்கு இணையாக, வீட்டின் பின்கோடியை ஒட்டி இருக்கிறது. சுவரில் ஒரு சிங்கமுகம், அதன் வாயிலிருந்து பகல் முழுக்கத் தண்ணீர் குளத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நான்கு கோய் மீன், ஐந்து பேசின் அல்லி. கிழக்கே பக்கத்து வீட்டு மாமரம்.

ஐந்தும் வெப்பமண்டல அல்லி. இலை விளிம்பு ரம்பப்பல்லாக இருக்கும், பூ தண்ணீரில் மிதக்காமல் காம்பு நீட்டி மேலே நிற்கும், அடியில் கிழங்கு இருக்கும். குளிர்நாட்டு அல்லிக்கு இலை விளிம்பு வழவழப்பு, அடியில் நீண்ட கிடைத்தண்டு, பூவும் பெரும்பாலும் தண்ணீர் மட்டத்திலேயே கிடக்கும். சாரிடம் இருந்தவற்றில் கருநீலப் பூக்காரன் 'டைரக்டர் ஜார்ஜ் டி. மோர்'. அமெரிக்காவின் மிசூரி தாவரவியல் தோட்டத்தில் ஜார்ஜ் பிரிங் 1941இல் உருவாக்கிய கலப்பினம் அது. இன்னொன்று 1914இல் வந்த 'பனாமா பசிபிக்'. ஊதாச் சிவப்பில் பூக்கும், இலையும் காம்பும் சேரும் இடத்தில் குட்டிச்செடியும் போடும். நர்சரியில் இவற்றையெல்லாம் 'தெராத்தாய்' என்று ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். பெயர்ச்சீட்டு இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. பூவைப் பார்த்து, குட்டி போடுகிறதா என்று பார்த்துத்தான் நான் முடிவுக்கு வந்தேன்.

சாரின் கைப்பேசியே சாட்சி

இப்படிப்பட்ட வேலையில் வீட்டுக்காரர் சொல்லும் வரலாற்றை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. "எப்ப நின்னுச்சு?" என்று கேட்டால் "ரொம்ப நாளாச்சு" என்பார்கள். சாரிடம் அந்தத் தொல்லையே இல்லை. தினமும் காலையில் வாட்சாப்பில் 'காலை வணக்கம்' அனுப்பும் பழக்கம் அவருக்கு. சொந்தக் குளத்தில் பூ இருந்தால் அதைப் படமெடுத்து, மேலே ஒரு பொன்மொழி எழுதி அனுப்புவார். பூ இல்லாத நாளில் எங்கிருந்தோ எடுத்த சூரியோதயப் படம் போகும். அந்தப் படங்களைத் தேதியோடு பின்னோக்கித் தள்ளிப் பார்த்தபோது கதை தானாக விரிந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சொந்தப் பூ. அக்டோபரில் அங்கொன்றும் இங்கொன்றும். நவம்பர் நடுவிலிருந்து சூரியோதயம்தான். மார்ச்சு கடைசியில் மறுபடி பூ. முந்தின ஆண்டையும் பார்த்தேன், அச்சு அசல் அதேதான்.

சார் மழையைக் குற்றம் சொன்னார். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம், பூ குறைவதும் அப்போதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டிலேயே வறண்ட மாதங்கள். வானம் பளிச்சென்று இருக்கும், குளத்துத் தண்ணீர் நாளுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் ஆவியாகிப் போகும். மழைதான் காரணம் என்றால் ஜனவரியில் குளம் நிறையப் பூத்திருக்க வேண்டும். ஜனவரிப் படங்களில் ஒரு பூகூட இல்லை. வெப்பநிலையும் காரணமாக முடியாது. தண்ணீர் 21 பாகைக்குக் கீழே போனால்தான் இந்த அல்லிகள் சுணங்கும். இங்கே ஆண்டு முழுக்க 27க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

இன்னொரு தடயமும் கிடைத்தது. முன்பு ஒரு டிசம்பரில் நர்சரியிலிருந்து பூவோடு வாங்கி வந்து வைத்த புதுச்செடிகளும் இரண்டு மூன்று வாரம் பூத்துவிட்டு நின்றுபோயிருந்தன. கிழங்கில் சேர்த்து வைத்திருந்த சத்து இருக்கும்வரை பூத்திருக்கின்றன. செடியில் கோளாறில்லை, இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்பது அங்கேயே ஓரளவு தெரிந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்டவை

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு பேசினைத் தூக்கிக் கவிழ்த்தபோது முட்டை அழுகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. பூந்தொட்டிக்கு விற்கும் கறுப்பு மண், தேங்காய் நார்த்தூள் கலந்தது. தண்ணீருக்கடியில் அது மக்கி, காற்றில்லாமல் அழுகி, வேரையும் கறுப்பாக்கியிருந்தது. நல்ல அல்லி வேர் வெள்ளையாக, இழுத்தால் அறுபடாமல் இருக்க வேண்டும். இது விரலிடுக்கில் கூழாக நசுங்கியது.

கோய் மீன்கள் மண்ணைக் கிளறி, குருத்தைக் கடித்திருந்தன. சிங்கமுகத்துத் தண்ணீர் இரண்டு பேசின்களின் இலைமீது நேராகக் கொட்டியது. அல்லி இலை சுவாசிப்பது மேல்பக்கத்தால். இலைத்துளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, மேலே எப்போதும் தண்ணீர் நின்றால் அதற்கு மூச்சுத் திணறும். தவிர, ஓடும் தண்ணீர் அல்லிக்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது.

தண்ணீரின் காரத்தன்மையையும் (pH அளவு) சோதித்தேன். சிமெண்டுக் குளம் என்றாலே எல்லாரும் சுண்ணாம்பைத்தான் சந்தேகிப்பார்கள். காலையில் 7.6, மாலை நான்கு மணிக்கு 8.8. மாலை அளவை மட்டும் பார்த்திருந்தால் குளத்தைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் சாயங்காலம் இந்த அளவு ஏறும், இரவில் இறங்கிவிடும். குளம் கட்டிப் பல வருடம் ஆகிவிட்டது, சுண்ணாம்பு ஊறுவதெல்லாம் எப்போதோ முடிந்த கதை. காலை அளவு சரியாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. அளவைக் குறைக்கக் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போடச் சொன்னாராம் சாரின் தம்பி. லாகா எனும் சண்டை மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு அது சரி. 3,600 லிட்டருக்கு ஒரு மரத்தையே உலுக்கிக் கொட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் பாசிக்குக் காரணம் சார்தான். பூ நின்றதும் நீல உரத்தைக் கைப்பிடி கைப்பிடியாகத் தண்ணீரில் தூவியிருக்கிறார். அல்லி அதைத் தொடவில்லை, பாசி விருந்து வைத்துக்கொண்டது.

இத்தனை குறைகளும் நிஜம். ஆனால் எதுவும் அந்தத் தேதிகளுக்குப் பொருந்தவில்லை. அழுகிய மண் ஜூன் மாதத்திலும் அழுகிய மண்தான். கோய் மீனுக்கும் நவம்பர் ஜூன் என்று இல்லை. நவம்பர் நடுவில் நிறுத்தி மார்ச்சு கடைசியில் தொடங்குவது எது?

நிழலின் நாள்காட்டி

நான் போன நாள் நவம்பர் மாதத்துப் பகல் ஒரு மணி. குளத்தின் வடக்கு விளிம்பு வரைக்கும் வீட்டின் நிழல் விழுந்திருந்தது. உச்சிவெயில் நேரத்தில் இப்படி விழுகிறதே என்று சாரிடம் காட்டினேன். "உச்சியில சூரியன் தலைக்கு மேலதானே தம்பி இருக்கும்?" என்றார்.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5.4 பாகையில் இருக்கிறது. சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது ஆண்டில் இரண்டே முறை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பர் 21 வாக்கில் தலைக்கு மேலிருந்து கிட்டத்தட்ட 29 பாகை தெற்கே இறங்கிவிடும்.

சாரின் வீட்டுச் சுவர் கூரை விளிம்பு வரை 7 மீட்டர். கணக்குப் போட்டால் டிசம்பர் உச்சியில் அந்தச் சுவரின் நிழல் வடக்கே சுமார் 3.9 மீட்டருக்கு நீளும். குளம் கிடப்பதோ சுவரிலிருந்து 1 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடையில். செப்டம்பர் கடைசியில் உச்சிநிழல் குளத்தின் தெற்கு விளிம்பைத் தொடும். நவம்பர் இரண்டாம் வாரத்தில் குளம் முழுவதையும் மூடும். ஜனவரி கடைசியில்தான் வடக்கு விளிம்பு மறுபடி வெளிச்சத்துக்கு வரும். மார்ச்சு நடுவில் முழுக்குளமும் விடுபடும். அதிலிருந்து மொட்டு எழும்ப இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், மார்ச்சு கடைசி. சாரின் வாட்சாப் படங்களும் இந்தக் கணக்கும் நகமும் சதையுமாக ஒட்டின. தைப்பூசம் வருவது ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில். நிழலின் நடுக்காலத்தில்தான் அவர் பூக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நம் ஊர்க் கடிகாரத்தால் வரும் குழப்பம் ஒன்றும் இதில் உண்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1.20 வாக்கில், மாதத்துக்கு மாதம் கால் மணி முன்பின்னாக. "காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வெயில் போதும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். உச்சி 12 மணிக்கு இருக்கும் இடத்துக்கு அது சரி. இங்கே அதைப் பதினொன்றேகாலிலிருந்து ஐந்தேகால் வரை என்று படிக்க வேண்டும். காலையில் எட்டு மணிக்கு வெளியே வந்து "நல்ல வெயில்" என்று பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, செடிக்கு உண்மையில் வேண்டிய வெயில் விழுகிறதா என்பது தெரியவே தெரியாது.

பகலில் பூக்கும் வெப்பமண்டல அல்லிக்கு நேரடி வெயில் ஐந்து, ஆறு மணி நேரமாவது வேண்டும். ஆண்டு நடுவில் இந்தக் குளத்துக்கு மாமர நிழல் விலகும் பத்து மணியிலிருந்து, சூரியன் கொடிமலைப் பக்கம் இறங்கும் ஐந்து மணிவரை ஏழு மணி நேரம் கிடைக்கிறது. டிசம்பரில் மாமரம் பத்து மணிவரை மறைக்கிறது, பதினொன்றரைக்குள் வீடு மறைக்கத் தொடங்கிவிடுகிறது. தாராளமாகச் சொன்னால் இரண்டு மணி நேரம்.

சோதித்துப் பார்த்தது

நிழல்தான் என்று எனக்குத் தோன்றினாலும், அழுகிய மண் கண்முன்னே இருக்கும்போது அதை எப்படி ஒதுக்குவது? இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்துவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். சாருக்கும் அதில் ஆர்வம் வந்துவிட்டது. வாத்தியார் அல்லவா. "பரிசோதனைன்னா ஒண்ணைத்தான் மாத்தணும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்" என்று எனக்கே வகுப்பெடுத்தார்.

பனாமா பசிபிக் இங்கே கைகொடுத்தது. ஒரே தாய்ச்செடியின் இலையில் பிறந்த குட்டிகள் எல்லாம் தாயின் நகல்கள், மரபில் வித்தியாசம் இருக்காது. சாரின் குளத்தில் அப்படி வளர்ந்த இரண்டு செடி இருந்தன. ஒன்றை அதே நாற்ற மண்ணோடு, பேசினைக்கூட மாற்றாமல், வீட்டு முகப்பில் கேட்டருகே ஒரு பெரிய தொட்டியில் வைத்தோம். அங்கே பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை வெயில். மற்றதைக் குளத்திலேயே விட்டு, மண்ணை மட்டும் மாற்றி, உரம் வைத்தோம். கோய் மீன்களை மருமகன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. சிங்கமுகத்தையும் நிறுத்தினோம். வீட்டம்மாவுக்குத்தான் அதில் வருத்தம், அந்தச் சத்தம் இருந்தால்தான் மதியம் தூக்கம் வருமாம்.

கிறிஸ்துமஸ் வாக்கில் பதில் வந்துவிட்டது. குளத்தில் இருந்த செடி நல்ல மண்ணையும் உரத்தையும் வைத்துக்கொண்டு இலையை இலையாகத் தள்ளியது. அகலமான, மெல்லிய, வெளிர் பச்சை இலைகள், காம்பு தேவைக்கு மேல் நீண்டு தளர்ந்து கிடந்தது. வெளிச்சம் தேடும் செடியின் லட்சணம் அது. மொட்டு இல்லை. கேட்டருகே இருந்த செடி, அந்த அழுகல் மண்ணிலேயே, சிறிய கெட்டி இலைகளுக்கு நடுவே மொட்டு வைத்தது. மலர்ந்த பூ உள்ளங்கையில் பாதிக்குத்தான் இருந்தது, இருந்தாலும் பூ.

ஆக, வெயில்தான் பூவைத் தீர்மானித்தது. பூவின் அளவைத் தீர்மானித்தது மண். கேட்டுச் செடிக்கும் மண் மாற்றிய பிறகு வந்த பூக்கள் 15 சென்டிமீட்டரைத் தொட்டன.

மண் மாற்றிய விதம்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் வெயில் சரியாக இருக்கும், மண்தான் கோளாறாக இருக்கும். ஓட்டையில்லாத, ஆழத்தைவிட அகலம் கூடிய பேசின் வேண்டும்: 35 சென்டிமீட்டர் அகலம், 18 சென்டிமீட்டர் ஆழம் போதும். மண் களிமண்ணாக, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்பதாக இருக்க வேண்டும். நான் வயல் களிமண்ணோடு கொஞ்சம் செம்மண் கலப்பேன். நார்த்தூள், மக்கிய இலை, கோழி எரு எதுவும் கூடாது, எல்லாம் தண்ணீருக்கடியில் அழுகத்தான் செய்யும்.

பழைய கிழங்கைக் கழுவி, கறுத்த வேரை நறுக்கி, நடுவில் வைத்து மண்ணை அணைக்க வேண்டும். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். மேலே ஒரு விரல்கடை மணல் போட்டால் மண் கலங்காது. இந்த முறை ஒரு கிழங்கைச் சுற்றிக் கொட்டைப்பாக்கு அளவில் குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தனியாக எடுத்து மணலில் ஊன்றி, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில் வெயிலில் வைத்தால் முளை விடும்.

உரம் நம் ஊரில் எங்கும் கிடைக்கும் 12-12-17 நீல உரம்தான். ஒரு தேக்கரண்டி எடுத்துச் செய்தித்தாளில் மடித்து, குருத்திலிருந்து தள்ளி, பேசினின் அடிவரை விரலால் அழுத்திவிட வேண்டும். மாதம் ஒருமுறை. தாள் ஊறிக் கரையும்போது உரம் வேர்ப்பக்கம் போகும், தண்ணீருக்கு வராது. குளிர்நாடுகளில் கோடை மாதங்களில் மட்டும் உரம் வைக்கச் சொல்வார்கள், அங்கே செடிக்கு மற்ற மாதம் உறக்கம். இங்கே வெயிலில் இருக்கும் செடி நிறுத்தாமல் தின்கிறது. ஒரு வருடத்தில் அந்தப் பேசின் மண் சக்கையாகிவிடும். இலை சிறுத்து, குருத்து மண்ணைவிட்டு மேலேறி நின்றால் மண் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். நிழலில் இருக்கும் செடிக்கோ நேர்மாறு: மொட்டு இல்லையே என்று உரம் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்.

பேசினைத் தண்ணீரில் வைக்கும்போது குருத்துக்கு மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும்படி செங்கல் அடுக்கி உயர்த்தினோம். முன்பு 40க்கு மேல் ஆழத்தில் கலங்கல் தண்ணீரில் கிடந்தது. பழைய இலைகளையும் ஒரேயடியாக வெட்டவில்லை. அல்லிக் குடும்பத்து நூபர் என்ற செடியில் ஆராய்ந்து கண்டது இது: இளம் இலைகள் காற்றை உள்ளே வாங்கி, காம்பு வழியாக அடித்தண்டுக்கு அனுப்ப, முதிர்ந்த இலைகள் வழியாக அது வெளியேறுகிறது. முதிர்ந்தது என்பதற்காக எல்லாவற்றையும் கிள்ளிவிட்டால் அந்தப் போக்குவரத்துக்கு வாசல் இருக்காது. மஞ்சளாகிவிட்டதை மட்டும் எடுப்போம்.

இன்னொன்று, ஐந்து பேசின் அந்தக் குளத்துக்கு அதிகம். வளர்ந்த செடி ஒன்று ஒன்றரை மீட்டர் விட்டத்துக்குப் பரவும், கிட்டத்தட்ட 1.8 சதுர மீட்டர். குளத்தின் பரப்பு 6. பாசியை அடக்க அறுபது விழுக்காடு மூடினால் போதும், அதற்கு இரண்டு செடி தாராளம். ஐந்தை வைத்தால் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி, இலைகள் தண்ணீரைவிட்டு எழும்பி நிற்கும். மற்ற மூன்றும் அக்கம்பக்கத்தில் போய்ச் சேர்ந்தன.

கேட்டுத் தொட்டியின் தொல்லைகள்

குளத்தில் வராத பிரச்சினை எல்லாம் தொட்டியில் வந்தது. முதலில் வைத்தது கறுப்புத் தொட்டி, 150 லிட்டர். பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் 37 பாகை, இலை ஓரம் கருகியது. வெள்ளைத் தொட்டியாக, அளவில் இரட்டிப்பாக மாற்றியதும் 33க்குள் நின்றது. ஜனவரி வறட்சியில் அசுவினி மொய்த்தது. மருந்தோ எண்ணெய் கலந்த சோப்போ அடிக்கவில்லை, எண்ணெய் இலைத்துளையை அடைக்கும், மருந்து மீனைக் கொல்லும். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து உதிர்த்தால் கப்பி மீன் தின்றுவிடும். தொட்டி விளிம்பில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஒன்றும் ஒட்டியிருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நெல்வயல்களையே பதம் பார்க்கும் கொண்டாங் நத்தை, செடியோடு வந்திருக்கிறது. முட்டையைக் குச்சியால் சுரண்டித் தண்ணீரில் தள்ளிவிட்டால் பொரிக்காது. கையால் தொட வேண்டாம்.

டெங்கி பரிசோதனைக்கு வந்த சுகாதார அதிகாரிகள் கேட்டில் நுழைந்ததுமே தொட்டியைத்தான் சூழ்ந்தார்கள். சாருக்கு வியர்த்துவிட்டது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு வளர்ந்தால் அபராதம் உண்டு. டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார்கள், கப்பி நீந்தும் தொட்டியில் ஒரு புழுகூட இல்லை. புழு இருந்தது பின்பக்கத்தில், மண் கொட்டிவிட்டுக் கவிழ்க்காமல் வைத்த பழைய பேசினில், மழைத்தண்ணீர் நாலு விரல் நின்றிருந்த இடத்தில். நல்ல மனிதர்கள், எச்சரித்துவிட்டுப் போனார்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அந்தப் பேசின் அங்கே அதற்கு மேலேயே கிடந்திருக்கிறது.

தைப்பூசமும் காலை பூசையும்

குளத்துச் செடியும் வந்து சேர்ந்த பிறகு, ஜனவரி நடுவில் கேட்டுத் தொட்டியில் இரண்டு செடியும் பூத்தன. ஒரு நாள் சார் பதற்றமாகப் போன் செய்தார். "தம்பி, பூவுக்குள்ள கெலூலுட் தேனீ செத்துக் கிடக்குது. ஏதாச்சும் மருந்து அடிச்சிட்டீங்களா?" மருந்து இல்லை. அல்லி முதல் நாள் மலரும்போது பெண் நிலையில் இருக்கும். நடுக்கிண்ணத்தில் தெளிந்த நீர் ஒரு சொட்டுத் தேங்கி நிற்கும். வேறு பூவிலிருந்து மகரந்தத்தோடு வரும் பூச்சி வழுக்கி அதில் விழும், உடம்பிலிருக்கும் மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகத்துக்குப் போகும். சில பூச்சி தப்பும், சில மூழ்கும். மறுநாள் அந்த நீர் இருக்காது, மகரந்தத் தாள்கள் உள்நோக்கி வளைந்து கிண்ணத்தை மூடிவிடும், பூ ஆண் நிலைக்குப் போயிருக்கும். மூன்று நான்கு நாள் திறந்து மூடிவிட்டுத் தண்ணீருக்குள் சாயும். சார் மறுநாள் அதே பூவைப் படமெடுத்து அனுப்பினார், கிண்ணம் மூடியிருந்தது. அன்றைய காலை வணக்கமும் அதுவே, பொன்மொழி இல்லாமல்.

தைப்பூசத்துக்குப் பூ கிடைத்தது. ஆனால் வேறு சிக்கல். வீட்டுப் பூசை காலை ஏழரைக்கு. பகல் அல்லி இங்கே ஒன்பதரைக்கு முன்னால் வாய் திறப்பதில்லை, கடிகாரம் முன்னே ஓடும் ஊரில் அதற்கு அது அதிகாலை. மூடிய பூவைத்தான் அன்று வைத்தார்கள். அம்மாவுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் இரவில் மலரும் 'ரெட் ஃபிளேர்' ஒன்று வாங்கி வைத்தேன். 1938இல் வந்த கலப்பினம், கருஞ்சிவப்பு இலை, சிவப்புப் பூ. அந்தி சாயும்போது விரிந்து மறுநாள் முற்பகல்வரை திறந்திருக்கும். ஏழரைப் பூசைக்கு முழு மலர்ச்சியில் இருக்கும். இரவில் பூத்தாலும் பகல் வெயில் அதற்கும் அதே அளவு வேண்டும், ஆகவே அதற்கும் இடம் கேட்டருகேதான்.

இப்போதைய ஏற்பாடு

செப்டம்பர் கடைசியில் இரண்டு பேசின் குளத்திலிருந்து கேட்டுக்குப் போகும், மார்ச்சு கடைசியில் திரும்பி வரும். ஈர மண்ணோடு 35 சென்டிமீட்டர் பேசின் 25 கிலோவுக்கு மேல் கனக்கிறது, எழுபதைத் தாண்டியவர் தூக்கும் பொருளில்லை. போக்குவரத்துச் செடிகளுக்கு மட்டும் 28 சென்டிமீட்டர் பேசின் போட்டிருக்கிறேன், பூ கொஞ்சம் சிறிதானாலும் பரவாயில்லை என்றார் சார். நிழல் மாதங்களில் குளம் வெறுமையாகக் கிடக்க வேண்டாம் என்று, மூன்று நான்கு மணி நேர வெயிலிலும் பூக்கக்கூடிய 'டோபென்' அல்லியை வடக்கு விளிம்பில் வைத்திருக்கிறோம். அந்த விளிம்பை உச்சிநிழல் மூடுவது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாமரத்தின் மேற்குக் கிளைகளை வெட்டச் சம்மதித்தால் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும், காய் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். சிங்கமுகம் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை, தண்ணீர் இலைமீது விழாதபடி குழாயைத் திருப்பி, ஓடுகிறது. மதியத் தூக்கத்துக்கு அம்மா மின்விசிறியைப் போட்டுக்கொள்கிறார்.